பாலத்துக்கு முன்னால் நிறுத்திய படம்

டிவியை அணைத்த பிறகும் செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

திரை கறுத்துவிட்டது. ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் மேல் அவளுடைய கட்டைவிரல் இன்னும் அழுந்தியபடிதான் இருந்தது. ஆனாலும் ரப்பர் செருப்பு ஈரத் தார் ரோட்டில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற அந்தச் சத்தம், சப் சப்பென்று இன்னும் நாலைந்து அடி நடந்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஓடுகிற சலவை மெஷினை நிறுத்தினால் டிரம் உடனே நிற்காது, உள்ளே இருக்கிற ஈரத்துணியின் கனத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அது மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய் மத்தியானத்துச் சாப்பாட்டில் மிச்சமிருந்ததைப் பாத்திரத்தோடு எடுத்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள். வெளியே தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடியது. எல்லாம் தினமும் கேட்கிற சத்தங்கள். செருப்புச் சத்தமும் தினமும் கேட்கிறதுதான், ஆனால் அது டிவிக்கு உள்ளே இருக்க வேண்டியது.

டிவியில் ஓடியது அவள் மகளைப் பற்றிய படம். மகள் என்றால் படத்தில் வருகிறவள் மகள் இல்லை; நடிகை. பெயரைக்கூட மாற்றியிருந்தார்கள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர், படத்தில் ஏதோ மூன்றெழுத்தில் பூப்பெயர். உண்மையாக நடந்த கொலைகளைப் படமாக எடுத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிற சேனல் அது. ஒரு வாரம் பெண்டாட்டியைக் கொன்ற பல் டாக்டர், அடுத்த வாரம் சொத்துக்காக அண்ணனை எரித்த தம்பி, அதற்கடுத்த வாரம் சலவை ஆலையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த ஒரு பெண். நடுநடுவே பற்பசை விளம்பரம்.

டிவிக்காரர்கள் வந்தபோது மகன்தான் பேசினான். ஆனால் அந்த நடிகை ஒரு மத்தியானம் முழுக்க இந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். மிரட்சியான கண். "அவங்க எப்படி நடப்பாங்கம்மா? எப்படிச் சிரிப்பாங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளும் போலீஸ்காரர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் என்று எத்தனையோ பேர் எதை எதையோ கேட்டிருந்தார்கள். எப்படிச் சிரிப்பாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவளே எழுந்து நின்று காட்டினாள். சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற விதம். நிற்கும்போது ஒரு காலால் மறு கணுக்காலைச் சொறிகிற பழக்கம். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்தாமல் மூக்கைப் பொத்துவது. தெருமுனை திரும்பும்போதே "ம்மோவ்... கதவு!" என்று ஒரு கத்து கத்துவாள், வாசலுக்கு வந்து சேருவதற்குள் தாழ் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். "பெரிய மகாராணி, வந்து நிக்க முடியாதோ" என்று திட்டிக்கொண்டேதான் இவள் தினமும் தாழை எடுப்பாள். அதையும் சொல்லிக் கொடுத்தாள்.

எல்லாம் படத்தில் வந்தது. அந்தக் கத்தல் மட்டும் வரவில்லை. படத்தில் பெண் வீடு வந்து சேருவதே இல்லையே, பிறகு எங்கே கத்துவது?

முதல் தடவை ஒளிபரப்பானபோது நடிகையின் வரிசையான பல்லைப் பார்த்து எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் அடுக்களையில் நின்று கணுக்காலைச் சொறிந்துகொண்டே அம்மாவை வம்புக்கு இழுத்தபோது அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. மகனிடம் சொல்லி அந்தப் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தாள். மகள் தலை வாருவாள். மகள் சண்டை போடுவாள். மடிப்பு மேசையில் தோழிகளோடு விரிப்பு மடித்துக்கொண்டே யாரையோ நையாண்டி செய்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு ஆலையின் கேட், தூறல், நீளமான ரோடு. தூரத்தில் ரயில் பாலம் கறுப்பாகத் தெரியும். மகளுக்குப் பின்னால், விளக்குக் கம்பத்தின் நிழலிலிருந்து ஒரு நிழல் பிரியும்.

அங்கே சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவாள். எப்போதும் அங்கேதான். பாலத்தடிக்கு அவளைப் போக விட்டதே இல்லை. அவளும் அதே ஆலையில்தான் சலவை மெஷின் ஓட்டினாள்; டிரம்முக்குள் ஏதாவது சிக்கிக்கொண்டால் யோசிக்காமல் சிவப்பை அமுக்கு என்றுதான் பழக்கியிருந்தார்கள். கை தானாகப் போனது. ஊரெல்லாம், எத்தனை வீட்டு டிவியில் அவள் மகள் அந்தப் பாலத்தடியில் செத்தாளோ தெரியாது. இந்த வீட்டில் சாகவில்லை.

மறுநாள் ஆலையில், இஸ்திரி மேசைக்காரி அவள் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"என்ன மெஷின்காரம்மா, மூஞ்சி பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு. தூங்கலியா?"

"தூங்கினேன்."

"யார்கிட்ட கதை விடற? இன்னும் அந்தப் படத்தைத்தான் போட்டுப் போட்டுப் பாக்குறியா?"

"அவ பேசறதக் கேக்குறேன். உனக்கென்ன வந்துது?"

"பேசறது அவளா? அந்த நடிகை பஸ் ஸ்டாப்பு விளம்பரத்துல சோப்புக்கட்டிய கன்னத்துல வெச்சுக்கிட்டு ஈன்னு நிக்கிறா. தினம் அவளப் பாத்துட்டுத்தான் வரேன்." சொல்லிவிட்டு இஸ்திரிக்காரி கொஞ்சம் குரலைத் தணித்தாள். "கடைசி வரைக்கும் ஒரு தடவையாவது பாத்தியாடி?"

"என்னத்துக்குப் பாக்கணும்? என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அதில்ல. பாதியிலயே விட்டுட்டா மனசு அங்கயே நிக்கும்டி. முடிச்சிட்டு அழுதுட்டுப் படு."

அவள் போய் மெஷின் கதவைத் திறந்தாள். திறந்ததும் முகத்தில் அடித்தது நாற்றம். சனிக்கிழமை கடைசி ஷிப்ட்டில் கரண்ட் போய், ஆஸ்பத்திரி விரிப்புகள் பாதிச் சலவையில் டிரம்முக்குள் நின்றிருந்தன. யாரும் எடுக்கவில்லை. ஆலையில் எதை மீறினாலும் மீறுவார்கள், ஏற்றிய லோடை முடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள்; அன்றைக்குக் கரண்ட் திரும்பி வரவே இல்லை. அழுக்குத் துணி அழுக்கு நாற்றம்தான் அடிக்கும், வெளுத்த துணி சோப்பு வாசனை அடிக்கும், ஆனால் பாதியில் நின்ற துணிக்கு ஒரு நாற்றம் உண்டு. புளித்த, குளிர்ந்த, உயிருள்ள எதுவோ உள்ளே மூச்சு விடுகிற மாதிரியான நாற்றம். அவள் மூக்கை மூடிக்கொண்டு விரிப்புகளை இழுத்துப் போட்டாள். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வர மறுத்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அதே நாற்றம் உள்ளே இருந்தது.

கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். உடுத்தியிருந்ததை அவிழ்த்து ஊற வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். நாற்றம் போகவில்லை. அது டிவி வைத்திருந்த மூலையிலிருந்து வந்தது.

படத்தைப் போட்டாள். ரோடு வந்தது, தூறல் வந்தது. நிழல் பிரிந்தது. சிவப்பை அமுக்கினாள்.

சப். சப். சப். சப்.

இந்தத் தடவை சத்தம் ஓயவில்லை. அறைக்குள் இல்லை, வெளியிலும் இல்லை, எங்கோ சுவருக்குள் ஒரு ரோடு ஓடுகிற மாதிரி, நிதானமாக, களைத்த கால் நடக்கிற மாதிரி நடந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொன்று கேட்டது. கனமான ஒரு கால். அது தரையில் பதியும்போதெல்லாம் சின்னதாக ஒரு உலோகச் சத்தம்.

டிக்.

அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். படத்தில் அந்த நிழலாக வருகிற ஆள் ஷூ போட்டிருந்தான். நிஜமானவனின் செருப்பைப் பற்றி டிவிக்காரர்களுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மகளைக் கொன்றவனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகம் கண்ணுக்குள் குடிவந்துவிடும் என்று பயம். ஆலையிலிருந்து எடுத்து வந்திருந்த வெள்ளைத் துண்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். துண்டுக்குக் கீழே அவன் கால் மட்டும் தெரிந்தது. யாரோ ஒருவன். குடோனில் மூட்டை தூக்குகிறவன். முன்பின் பழக்கம் இல்லை. இடது கால் செருப்பின் வார் அறுந்து, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. கம்பியின் முனை அடியில் துருத்திக்கொண்டிருந்தது. கூண்டில் ஏறும்போது டிக். இறங்கும்போது டிக். விசாரணை நடந்த நாளெல்லாம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். தீர்ப்பான பிறகு வந்த மழைக்காலத்தில் அவன் ஜெயிலிலேயே செத்துப்போனான் என்று மகன் வந்து சொன்னான். அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அவனுக்கு முகமே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு படத்தைப் போடாமல் விட்டிருக்கலாம். விட்டுப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் முழுக்க டிவியின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் அன்றைக்கும் வந்தது. இருட்டு விழுந்ததும் தொடங்கி, அவள் தூங்கிப்போகிற வரைக்கும், சுவருக்குள் அந்த ரோட்டில் ரெண்டு பேரும் நடந்தார்கள். முன்னால் போகிற கால் கொஞ்சம் வேகம் எடுக்கும். பின்னால் வருகிறதும் வேகம் எடுக்கும். முன்கால் தளரும், பின்காலும் தளரும். எட்டிப் பிடிப்பதும் இல்லை, விட்டுவிடுவதும் இல்லை.

மறுநாள் மனசு கேட்காமல் படத்தைப் போட்டாள். அடுக்களைக் காட்சி. மகள் எப்போதும் போல அம்மாவை வம்புக்கு இழுத்தாள், எப்போதும் போலக் கணுக்காலைச் சொறிந்தாள். ஆனால் அவள் பாவாடை ஓரம் நனைந்திருந்தது. முன்பு நனைந்திருக்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புகிற காட்சி அது. மழை வருவது சாயங்காலம். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். குதிகாலில் செருப்பு உரசிப் புண்ணாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மடிப்பு மேசையில் தோழிகள் சிரித்தபோது அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் சிரிக்கவில்லை; விரிப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி, நின்றுகொண்டே ஒரு கணம் கண்ணை மூடினாள். ராப்பகல் ஷிப்ட் பார்த்தவர்கள் அப்படித்தான் நின்றபடி தூங்குவார்கள். பிறகு கேட் திறந்தது. ரோட்டில் இறங்குவதற்கு முன் அவள் திரும்பிப் பார்த்தாள். தோழிகளைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

தினமும் அவளை அந்த ரோட்டில் இறக்கி விட்டுவிட்டு விளக்கை அணைத்தது யார்?

அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே, ரோடு வந்ததும், ரிமோட்டை எடுத்துச் சிவப்பை அமுக்கினாள்.

மகன் வந்தபோது நாற்றம் அவனுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் நாறலியேம்மா. நீ நாள் பூரா அந்த நாத்தத்துலயே நிக்கிற, மூக்குக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு." பேருந்து ஓட்டுகிறவன், வந்தால் கால் மணி நேரம்கூட நிலையாக உட்கார மாட்டான், சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவளே படத்தைப் போட்டு, அடுக்களைக் காட்சியைக் காட்டினாள்.

"பாரு. கால்ல புண்ணு. தெரியுதா?"

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். சாவிக்கொத்து நின்றது.

"அம்மா, அது நடிகைம்மா."

"தெரியும்டா, நான் என்ன லூசா? கால்ல பாரு."

"ஒண்ணும் இல்லம்மா. கால் நல்லாத்தான் இருக்கு." அவன் டிவியை நிறுத்தினான். "நான் முழுசாப் பாத்தேன், ஒரே ஒரு தடவை. ஒண்ணும் காட்டல அவங்க. பாலத்துக்கு அடியில போறா, திரை இருட்டாவுது, ரயில் போற சத்தம். அவ்ளோதான். சீக்கிரம் முடிஞ்சிடுது. நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"முடிஞ்சிடுதா?"

"முடிஞ்சிடுது. நம்ம வீட்டுக்கு வந்துடும்மா நீ. உன் மருமக திட்டறதக் கேட்டுட்டு இருந்தா எல்லாம் மறந்துரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போடா. நானும் வந்துட்டா இங்க கதவு யாரு திறக்கிறது?"

"யாருக்கும்மா திறக்கணும்?"

அவன் போகும்போது பென்டிரைவைப் பிடுங்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் அவன் பயந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

முடிஞ்சிடுது. அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியில் நின்ற லோடை என்ன செய்வோம்? மறுபடி தண்ணீர் விட்டு ஓட்டுவோம். அலசி, பிழிந்து, எடுத்துக் காயப்போடுவோம். முடிகிற வரைக்கும் பக்கத்தில் நிற்போம். அந்தப் பெண் நடந்து நடந்து கால் தேய்ந்துபோய்விட்டாள். பாலத்தடி இருட்டு ஒரு நிமிஷம்தான் என்கிறான். அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்ட அம்மா கூட இருக்கவில்லை, அன்றைக்கும் இருக்கவில்லை, இத்தனை நாளும் இருக்கவில்லை. இன்றைக்கு இருந்தால் அவள் நடையாவது நிற்கும்.

இருட்டு விழுகிற நேரம். கதவைத் தாழிட்டாள். விளக்கைப் போடவில்லை. டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, ரிமோட்டை மடியில் வைத்து, அதன் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மகள் தலை வாரினாள். சீப்போடு கொத்தாக முடி வந்தது. மகள் சண்டை போட்டாள், குரல் கம்மியிருந்தது. மடிப்பு மேசையில் தோழிகள் யாரும் இல்லை. அவள் மட்டும் தனியாக, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்தது. தூறல். நீளமான ரோடு.

நிழல் பிரிந்தது.

கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"போ கண்ணு," என்றாள் சத்தமாக. "நான் இங்கதான் இருக்கேன். போயிடு."

மகள் நடந்தாள். பாலம் நெருங்கியது. கறுப்பு வாய் மாதிரி அது திறந்து திரையை நிறைத்தது. நாற்றம் குபீரென்று ஏறியது. அவள் கண்ணை மூடவில்லை. இருட்டு. இருட்டுக்குள் சப், சப். பின்னால், டிக். ரயில் சத்தம் வரும் என்று காத்திருந்தாள்.

ரயில் வரவில்லை.

இருட்டு விலகியது. பாலத்துக்கு இந்தப் பக்கம், மகள் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்தை டிவிக்காரர்கள் எடுக்கவே இல்லை. மகன் சொன்னானே, இருட்டானதும் முடிந்துவிடும் என்று. ஆனால் திரையில் மூடிய பழைய பேப்பர் கடை வந்தது. வளைந்த விளக்குக் கம்பம் வந்தது. தையல்காரி வீட்டுப் பலகை. சொட்டுகிற தெருக்குழாய்.

வெளியே குழாய் சொட்டியது. திரையிலும் சொட்டியது. ரெண்டும் ஒரே சொட்டு.

தையல் மெஷின் நின்றது.

திரையில் ஒரு கதவு. சாயம் போன பச்சை. கீழே எலி கடித்த ஓட்டை. கதவிடுக்கில் நீலமாக டிவி வெளிச்சம். அவளுடைய கதவு, வெளியிலிருந்து.

சத்தம் சுவருக்குள் இல்லை இப்போது. வாசலில்.

"ம்மோவ்... கதவு!"

அவள் எழுந்துவிட்டாள். ரிமோட் விழுந்து உருண்டது. எத்தனை வருஷம் ஆயிற்று. அதே குரல், அதே இழுப்பு, முடிவில் அதே அதிகாரம். கால் தானாக ஓடியது. கை தானாகத் தாழுக்குப் போனது. தாழில் கை வைத்தபடி, ஏனோ, திரும்பித் திரையைப் பார்த்தாள்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். கக்கத்தில் டப்பா. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அது நடிகை இல்லை. பல் வரிசையாக இல்லை. கீழுதடு பிளந்து, முன்பல்லின் தெத்து தெரிந்தது. அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, கதவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம். வேண்டாம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ம்மோவ்... கதவு!"

திரையில் அவள் வாய் அசையவில்லை.

குரல் மகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே அவன் நின்றான். உயரமாக. அவளுடைய தோளுக்கு மேல் குனிந்து. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துண்டு. துண்டின் நெசவு தெரிந்தது. ஆலையின் நீல முத்திரை தெரிந்தது. வாய் இருக்கிற இடத்தில் துணி உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, உள்ளே இழுத்து.

"ம்மோவ்."

தாழ் கைக்குள் சில்லென்று இருந்தது. ரிமோட் நாற்காலிக்கு அடியில். சிவப்பை அமுக்கினால் போதும். இரண்டு பேரும் மறுபடி ரோட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் மறுபடி நடப்பாள். நாளைக்கும். அந்தப் புண்ணாகிப்போன காலோடு. அவன் பின்னால்.

திறக்காமல் எப்படி? மகள் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறாள். வாசல் வரைக்கும்.

"வந்துட்டேன்டி," என்றாள். "வந்துட்டேன், கத்தாத."

தாழை எடுத்தாள்.

வாசலில் யாரும் இல்லை. தெரு காலி. குழாய் சொட்டியது. காற்றில்லை. கால்மிதியடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்து, ஈரமாக. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு ஜோடி. பெரியது. இடது வாரில் கம்பி முறுக்கியிருந்தது. இரண்டு ஜோடியும் ஒழுங்காக, முனை உள்பக்கம் பார்க்க, கழற்றி விடப்பட்டிருந்தன.

அவளுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. கதவு நிலைக்குப் பக்கத்தில் தலை வாருகிற கண்ணாடி தொங்கியது. மகளுக்காக மாட்டியது. அதில் டிவி தெரிந்தது. டிவியில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. திறந்த கதவில், தெருவைப் பார்த்தபடி நிற்கிற, கொண்டை அவிழ்ந்த முதுகு. அறைக்குள்ளிருந்து யாரோ பார்க்கிற மாதிரி.

அவள் கையை எதுவோ தொட்டது. சின்ன விரல்கள். ஈரம். வெகுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை அவளுடைய சுட்டுவிரலை மட்டும் இறுகப் பிடித்தன. சின்ன வயதில் கூட்டத்தில் போகும்போது மகள் அப்படித்தான் பிடிப்பாள். பிடித்து இழுத்தன. வெளியே. தெருவுக்கு. போ, போ என்று.

"இருடி," என்றாள் அவள். "இப்பதான வீட்டுக்கு வந்த."

அந்த விரல்கள் இன்னும் பலமாக இழுத்தன. அவள் போகவில்லை. எங்கே போவது? இத்தனை நாள் கழித்துப் பிள்ளை வீடு வந்திருக்கிறாள்.

எல்லாரும் உள்ளே வந்த பிறகு தினமும் செய்கிறதைச் செய்தாள். இன்னொரு கையால் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழைப் போட்டாள்.

கண்ணாடியில், திரையில், அவள் முதுகு கொஞ்சம் பெரிதானது, பார்க்கிறவன் ஓரடி கிட்டே வந்த மாதிரி.

டிக்.

செருப்பு வெளியேதான் இருந்தது.

டிக்.

முதுகு திரையை நிறைத்தது. கைக்குள் இருந்த விரல்களை அவள் விடவில்லை.